பங்குனி உத்திரத்துப் பகவதி

அத்தியாயம் 6

தோற்பதற்கும் ஒரு அளவு உண்டு. துப்பறிவாளர் சேஷன் அந்த அளவைத் தாண்டி இன்றோடு ஒன்பது நாள்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன சாஸ்தா கோயிலில், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தூணோரமாக நின்றிருந்தார். ஐந்து மணிக்கு வந்தவர். அறுபத்தைந்து வயது முழங்கால் எப்போதோ முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. கொசுக்கள் அவர் முதுகைப் பட்டா வாங்கிய நிலம் மாதிரி பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"சாரே, இனியும் நின்னா நமக்கும் சேர்த்து சந்தனம் சாத்திடுவாங்க, கேட்டோ," என்றாள் ஷீனா. அவருடைய உதவியாளர். முப்பத்திரண்டு வயது, ஒரு ஸ்கூட்டர், ஓயாத வாய். ஸ்கூட்டருக்காவது ஓய்வு உண்டு.

"வாயை மூடிண்டு அந்தப் பிரசாதத் திண்ணைப் பக்கம் பாரு."

"ஒன்பது நாளா அதைத்தானே பாக்கறேன். சாஸ்தாவுக்கே என் முகம் பழகிப்போச்சு."

விஷயம் இதுதான். சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஸ்ரீப்ரியாவின் அம்மா பகவதிக்கு இருதயத்தில் வால்வு பழுது. திங்கட்கிழமை ஆபரேஷன். ஆனால் பகவதி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன மகன் மகேஷ்குமாரைக் கண்ணால் பார்த்தால்தான் கத்தி வைக்க விடுவேன் என்று ஒரே பிடிவாதம். தள்ளிப்போடப் போட ஆபத்து என்று டாக்டர் சொல்லியாயிற்று. அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவன், அப்பா இறந்த பிறகும் திரும்பவில்லை, போனும் இல்லை என்று ஸ்ரீப்ரியா சொன்னாள்.

கிடைத்தது ஒரே ஒரு துப்பு. கோயில் வாசலில் பூ விற்கும் ரத்னாபாய் போன மாதம் ஒருநாள் விடிகாலையில் மகேஷைப் பார்த்திருக்கிறாள். இலையில் பிரசாதம் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போனானாம். எந்தத் தேதி? "ஏதோ ஒரு நாளு," என்றாள். சேஷனுக்கு அந்த 'ஏதோ ஒரு நாளை'ப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருந்தது.

ஆனாலும் அவர் புத்தி சும்மா இருக்கவில்லை. இந்த ஊரில் வழிபாட்டுச் சீட்டு எழுதும்போது பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். பூஜை முடிந்ததும் ஊழியர் அதையே உரக்கக் கூப்பிட்டு இலையை நீட்டுவார். வீட்டை மறந்தவன் கோயிலுக்கு வந்தான் என்றால் யாருக்காகவோ வந்திருக்கிறான். அவர்களுடைய நட்சத்திர நாளில் மறுபடி வருவான். மகேஷின் சொந்த நட்சத்திரமான பூசத்தன்று காத்திருந்தார்கள். வரவில்லை. பகவதியின் ஜாதகத்தில் பங்குனி மாதம், உத்திர நட்சத்திரம். இன்றைக்கு உத்திரம்.

"பகவதி, உத்திரம்!" என்று ஊழியர் கூப்பிட்டார்.

சேஷன் தூணை விட்டு விலகினார். தொப்பி வைத்த ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இலையை வாங்கினான். முகம் தெரியவில்லை. வாசலுக்கு ஓடி ஸ்கூட்டரில் ஏறிவிட்டான்.

"விடாதே!"

சட்டையைப் பாதி மாட்டியபடி சேஷன் ஷீனாவின் பின்னால் ஏறினார். கடைத்தெருவில் அந்த நேரத்தில் வெங்காய லாரி இறக்குவார்கள். சுமைக்காரர்கள் திட்டினார்கள், ஒரு மிளகாய் மூட்டை அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு போனது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் சந்திப்பில் தேங்காய் உடைக்க வந்த பக்தர் கூட்டத்துக்குள் தொப்பி மறைந்து, மறுபடி தெரிந்தது. கடைசியில் பகவதியைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

"அம்மாவைப் பாக்கத்தான் வந்திருக்கான்!" சேஷனுக்கு மூச்சு வாங்கியது.

தொப்பிக்காரன் மாடி ஏறி, பகவதியின் அறைக்குள்ளேயே நுழைந்தான். பின்னாலேயே நுழைந்த சேஷன் அவன் தோளில் கை வைத்துத் திருப்பினார். பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் வேலப்பன்.

"நான்தான் சார் இவரைக் கோயிலுக்கு அனுப்பினேன்," என்றாள் ஸ்ரீப்ரியா. "அம்மைக்கு நட்சத்திர நாளுல்லா. நீங்க ஏன் இப்படி வேர்த்து வடியறீங்க?"

காலை மூன்றரை மணி நேரம், ஒரு மிளகாய் மூட்டை, ஒரு முழங்கால். துரத்திக்கொண்டு வந்து பிடித்தது தன்னுடைய கட்சிக்காரியின் ஆளையே. சேஷன் இந்தத் தொழிலுக்கு வந்த நாளை மனசாரச் சபித்தார்.

"நல்ல காரியம் சாரே," ஷீனா காதோரம் சொன்னாள். "இனி பீஸ் கேக்க வீடு தேடிப் போக வேண்டாம்."

கட்டிலில் சாய்ந்திருந்த பகவதி அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். மெலிந்த உருவம், கண் மட்டும் கூர்மை. "கெடைச்சானா சாமி?"

"இன்னும் இல்லை."

"கெடைக்காம எனக்க நெஞ்சுல கத்தி வைக்க முடியாது. சொல்லிட்டேன்லா."

"அம்மா, ஒங்க உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர்..."

"உயிரு எனக்கதா, டாக்டருக்கதா?"

போலீஸ்காரனிடம் பேசலாம், திருடனிடம் பேசலாம், பிடிவாதக்காரத் தாயிடம் பேச முடியாது. சேஷன் கதவைப் பார்த்துத் திரும்பினார். அப்போதுதான் பூக்கார ரத்னாபாய் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு உள்ளே வந்தாள். அக்காள் மகள் பிரசவித்த பிள்ளைக்கு நேற்று இருபத்தெட்டாம் நாள். அரையில் கயிறு கட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாயசம் கொண்டுவந்திருந்தாள்.

பகவதி ஒரு கரண்டி மட்டும் வாங்கி நாக்கில் வைத்தாள். பிறந்த பிள்ளைப் பேச்சு அவள் முகத்தை இளக்கிவிட்டது. "எனக்க இருபத்தெட்டு சிவராத்திரி அன்னைக்காக்கும். ஊரே முழிச்சு இருக்க, அரையில கறுப்புக் கயிறு கட்டினாவளாம். எனக்க அம்மை சொல்லுவா."

சேஷன் வராந்தாவில் லிஃப்ட் வரை போய்விட்டார். பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது. அவர் ஏறவில்லை.

"எந்தா சாரே, முட்டு வலிக்குதா?"

"ஷீனா, சிவராத்திரி எந்த மாசம்?"

"மாசி. எங்க மலையாளக் கணக்குல கும்பம்."

"பங்குனி உத்திரம்?"

"அதுக்கு அடுத்த..." ஷீனா நிறுத்தினாள். அவள் வாய் தானாக நின்றதை சேஷன் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். "அப்ப அந்த அம்மாவுக்கு, பொறக்கறதுக்கு முன்னாடியே இருபத்தெட்டு கட்டிட்டாங்களா?"

"வா."

அறைக்குத் திரும்பி, சேஷன் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டார். "அம்மா, நீங்க பொறந்தது பங்குனி உத்திரத்திலே இல்லை. சிவராத்திரியிலேர்ந்து இருபத்தெட்டு நாள் பின்னோக்கி எண்ணினா தை மாசக் கடைசி வர்றது. வருஷம் அறுபத்திரண்டுன்னு ஆதார்லே இருக்கு. அது நிஜமோ?"

பகவதி மகளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ரத்னாபாய் நிலைமை புரிந்து டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"வருசம் நெசந்தான்," என்றாள் பகவதி.

ஷீனா அதற்குள் போனில் தேடிவிட்டாள். "சாரே, ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு பிப்ரவரி. இந்தியாவிலே பொதுத் தேர்தல். ஒரு அமெரிக்கக்காரன் ராக்கெட்ல உட்கார்ந்து பூமியை மூணு சுத்து சுத்தியிருக்கான். பின்னே, மாசத் தொடக்கத்துல..." அவள் குரல் இறங்கியது. "உலகம் அழியப்போவுதுன்னு நாடு முழுக்க ஹோமம் பண்ணியிருக்காங்க."

"அஷ்டக்கிரகம்," என்றார் சேஷன்.

அப்போது அவருக்கு இரண்டு வயது. ஆனால் கரமனை அக்கிரகாரத்தில் அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் கிடையாது. எட்டுக் கிரகங்கள் ஒரே நேரத்தில் மகர ராசியில் வந்து கூடின. போதாததற்கு அமாவாசை, சூரிய கிரகணம். உலகம் இத்தோடு சரி என்று ஜோசியர்கள் நாள் குறித்துவிட்டார்கள். ஜனங்கள் விளக்கு ஏற்றி வைத்து விடிய விடியக் காத்திருந்தார்கள். மறுநாள் பால்காரன் வழக்கம்போல வந்தான்.

"அந்தத் திங்கக்கிழமை விடியக்காலம் பொறந்தேன்," என்றாள் பகவதி. "அமாவாசை, திருவோணம். பொம்பளப்பிள்ள. ஊரு அழியப்போற நேரத்துல வந்து பொறந்திருக்காண்ணு பாக்க வந்தவ எல்லாம் சொன்னாளாம். இந்த ஜாதகத்த வச்சுக் கெட்டிக்கொடுக்க முடியாதுண்ணு எனக்க அப்பா பங்குனி உத்திரத்துக்கு ஒரு ஜாதகம் எழுதி வாங்கினாரு. அதவச்சுத்தான் கல்யாணம். ஒங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது மக்கா."

ஸ்ரீப்ரியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் இருபது வருசமா யாருக்கும்மா அர்ச்சனை பண்ணினேன்?"

"யாரோ ஒரு பகவதி நல்லா இருந்திருப்பா," என்றாள் அம்மா.

"தம்பிக்குத் தெரியுமா?"

பகவதி தலையை ஆட்டினாள். "அவனுக்கு மொத சம்பந்தம் ஜாதகத்தால முறிஞ்சப்போ அழுதான். அன்னைக்கு அவங்கிட்ட மட்டும் சொன்னேன்."

சேஷன் நெற்றியில் அறைந்துகொண்டார். வீட்டில் எல்லாரும் உத்திரம் உத்திரம் என்று எழுதிக்கொண்டிருக்க, பகவதிக்குத் திருவோணம் என்று எழுதக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். கோயில் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டியவர் அவர். ஊரில் பாதிப் பெண்களுக்குப் பகவதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உத்திரம் இல்லாத பகவதிகளை எல்லாம் விரலால் தள்ளிக்கொண்டே போயிருந்தார்.

"ஆனா சாரே," ஷீனா விரல் விட்டு எண்ணினாள், "இன்னைக்கு உத்திரம்னா திருவோணத்துக்கு இன்னும் பத்து நாளு. ஆபரேஷன் நாளை கழிஞ்சு."

நட்சத்திரம் கிடைத்தது, நாள் கிடைக்கவில்லை. சேஷனுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மறுபடியும் கோயிலுக்கே போனார்கள்.

சீட்டு எழுதும் சரசம்மா கவுண்டரை மூடப் போய்க்கொண்டிருந்தாள். பகவதி, திருவோணம் என்று கேட்டதும் அவள் முகத்தில் யோசனையே இல்லை. "அது மாசப் புஸ்தகத்துல இருக்கும். மாசாமாசம் பூஜைக்கு ஒரு வருஷத்துக்கு முன்கூட்டியே எழுதினது."

"மாசப் புஸ்தகமா?" சேஷன் குரல் உடைந்தது. "ஒன்பது நாளா இங்கே நிக்கறேன். ஒரு வார்த்தை சொன்னேளா?"

"நீங்க தினப் புஸ்தகம்தானே கேட்டீங்க? நான் எடுத்துத் தந்தேனல்லோ."

ஷீனா அவசரமாக இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். சரசம்மா வேறொரு நீளமான நோட்டைத் தூசி தட்டி எடுத்தாள். பகவதி, திருவோணம். ஆறு வருஷமாகப் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். போன் நம்பர் இல்லை. பிரசாதம் பொன்முடி பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இடம்: கல்லாறு, பாலத்துக்குப் பக்கத்துக் கடை.

சேஷனின் பழைய மாருதி நெடுமங்காடு தாண்டுவதற்குள் இரண்டு தடவை சூடாகி நின்றது. கல்லாறு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. பொன்முடி போகிற சுற்றுலாக்காரர்கள் ஆற்றுப் பாறையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தருகே தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஜாடிகளுக்குப் பின்னால் தாடிக்காரன் ஒருவன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கண் அப்படியே பகவதியின் கண்.

"மகேஷ்குமார்தானே?" என்றார் சேஷன்.

அவன் கை நின்றது. "அம்மைக்கு என்ன?"

யார் நீங்கள் என்று கேட்கவில்லை, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சேஷன் சுருக்கமாகச் சொன்னார். வால்வு, ஆபரேஷன், கையெழுத்து. அவன் முகம் வெளிறிப்போனது.

"எப்போ?"

"திங்கக்கிழமை."

"அப்ப நான் வரவே மாட்டேன்."

ஒன்பது நாள் எரிச்சலும் ஒரே சமயத்தில் சேஷனின் தலைக்கு ஏறியது. "இன்னும் கோபமாடா? அப்பாதான் போயாச்சே! ஒரு கையெழுத்துக்காக அங்கே ஒரு உயிர்..."

"கோபமா? யாருக்குக் கோபம்?" அவன் டீக் குவளையைக் கீழே வைத்தான். "எனக்க ஜாதகம் அப்பாவுக்கு ஆகாதுண்ணு ஜோசியர் சொன்னாரு. சண்ட பிடிச்ச மாதிரி எறங்கி வந்தேன். எட்டாம் நாள் அப்பா கடையில சரிஞ்சு விழுந்து போயிட்டாரு. அடுத்தது அம்மைண்ணாரு. அதான் திரும்பிப் போகல. ஆறு வருசம் அம்மை நல்லா இருந்தாளா இல்லையா? பிரசாதம் பஸ்ஸுல வரும், அத வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிடுவேன். போன மாசம் மனசு கேக்கல. கோயிலுக்குப் போனேன். அப்படியே வீட்டு வாசல் வரைக்கும் போயி, மாடியில அம்மை துணி காயப்போட்டுக்கிட்டிருந்தத பாத்துட்டுத் திரும்பிட்டேன். இப்ப நீங்க வந்து வால்வு போச்சுங்கீங்க. இனி கிட்ட வேற வந்து நிக்கணுமா?"

ஷீனா போய் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தாள்.

சேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த ஒன்பது நாளும் அவர் தேடியது ஒரு கோபக்காரனை. கோபக்காரனை இழுத்துக்கொண்டு போக அவருக்குப் பத்து வழி தெரியும். அம்மா மேல் உயிரை வைத்துக்கொண்டு பயந்து ஒளிந்திருப்பவனை எப்படி இழுப்பது? பொய் ஜாதகம் எழுதி வாங்கிய பகவதியின் அப்பனையும், மெய் ஜாதகம் பார்த்துச் சொன்ன ஜோசியனையும் சேர்த்து வைத்து உதைக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. அதுவும்தானே!

"வா," என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தின் நடுவுக்குப் போனார். ஷீனா பின்னாலேயே வந்து போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது. ஸ்ரீப்ரியா எடுத்தாள். சேஷன் நடந்ததைச் சொன்னார். அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பிறகு பகவதியின் குரல்.

"எலே மகேசு."

மகேஷ் போனுக்கு நெருங்கி வந்து நின்றான்.

"நீ கோவத்துல போயிட்டேண்ணு நான் ஆறு வருசமா அழுதுக்கிட்டு இருக்கேன். இதுக்காடா போன? ஒனக்கு ஒரு கிரகந்தானலே கெட்டுக் கெடக்கு? எனக்கு எட்டு! எட்டையும் இடுப்புல வச்சுக்கிட்டுக் கல்யாணம் பண்ணி, ரெண்டு பிள்ள பெத்து, அறுபத்துமூணு வருசம் ஓட்டியாச்சு. ஒனக்க ஒத்தக் கிரகம் வந்து என்னையக் கொன்னுருமா? அவ்வளவு லேசாவா போச்சு எனக்க உசிரு?"

"அம்மா, ஆபரேசன் எத்தனை மணிக்கு?" என்றான்.

"காலம்பற ஏழரைக்கு."

"திங்கக்கிழமை ஏழரை! ராகுகாலம்மா!"

"ஆமா, தெரியும். ஒம்பதுல எட்டுப் பேரு நான் பொறந்த அன்னைக்கே வந்து பாத்துட்டுப் போயாச்சு. ராகு ஒருத்தந்தான் பாக்கி. அவனும் வரட்டு. நீ அவனுக்கு முந்தி வந்து சேரு."

அழைப்பு அறுந்தது. மகேஷ் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு விம்மினான். சேஷன் அவனைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவன் கடைக்குள் போய் அடுப்பை அணைத்தான். டீ கேட்டு நின்றவர்களிடம் இன்றைக்கு இல்லை என்று கை காட்டிவிட்டு, கழுவாத கையோடே வந்து காரின் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"சீக்கிரம் எடுங்க சார்," என்றான்.